கோலசிலாங்கூர்: ஆற்றால் அமைந்த மாவட்டம்



சிலாங்கூர் மாநிலத்தின் ஒன்பது மாவட்டங்களையும் நம் மாணவர்கள் மனப்பாடமாக ஒப்புவிக்கின்றனர். அப்பெயர்களின் பொருளை விளக்கினால் மனப்பாடமே தேவைப்படாது என்பது என் வகுப்பறை அனுபவம். மலாய் மொழியில் 'கோலா' என்பது ஆற்றின் கழிமுகம். 'உலு' என்பது அதன் தலைப்பகுதி. உலு சிலாங்கூர் மலைப்பகுதியில் பிறக்கும் சிலாங்கூர் ஆறு, கோலசிலாங்கூரில் மலாக்கா நீரிணையை அடைகிறது. கோல லங்காட்டும் உலு லங்காட்டும் இவ்வாறே லங்காட் ஆற்றின் இரு முனைகளாகும்.

ஆற்றை வைத்து ஏன் பெயரிட்டனர்? சாலைகள் இல்லாத காலத்தில் ஆறே பாதையாக விளங்கியது. கழிமுகத்தைக் கைக்கொண்டவர், உள்நாட்டிலிருந்து இறங்கி வரும் ஈயத்திற்கு வரி விதிக்க இயலும். சிலாங்கூர் சுல்தான்களின் தொடக்ககால அரசிருக்கை கோலசிலாங்கூரில் அமைந்ததற்கு இதுவே காரணம். அங்குள்ள மெலாவத்தி குன்றின் கோட்டையை 1784இல் டச்சுக்காரர்கள் கைப்பற்றினர். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதனை மீட்டார்.

1874இல் பிரிட்டிஷார் தலையீடு தொடங்கியது. அதன்பின் அமைந்த நிர்வாகம், பழைய ஆற்று வழிகளையொட்டியே மாவட்டங்களை வகுத்தது. கோலாலம்பூர், கிள்ளான், கோல லங்காட், உலு லங்காட், கோலசிலாங்கூர், உலு சிலாங்கூர் என அவை ஆறு. பிற்காலத்தில் கோலசிலாங்கூரின் வடபகுதி சபாக் பெர்ணம் என்னும் தனி மாவட்டமாயிற்று. 1974இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானபோது கோம்பாக், பெட்டாலிங் மாவட்டங்கள் தோன்றின. கோல லங்காட்டிலிருந்து சிப்பாங் பிரிந்ததும் எண்ணிக்கை ஒன்பதானது.

இன்றைய கோலசிலாங்கூரில் ஒன்பது முக்கிம்கள் உள்ளன. மேற்கே கண்டல் காடும் ஜெராம் மீனவர் கிராமமும். வடக்கே தஞ்சோங் காராங் நெல்வயல்கள். உள்ளே ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரங்களில் தோட்டங்கள். நம்மவர் வியர்வை சிந்திய மண் இதுவே.

ஆயினும், முக்கிம் பெயர்களில் நம் முன்னோரின் முகவரி இல்லை. அவர்களுடைய முகவரி தோட்டத்தின் பெயரே. பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகிலுள்ள தென்னமாரம் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர், நாட்டிலேயே முதன்முதலாக வணிக நோக்கில் செம்பனையைப் பயிரிட்டது அங்குதான். 'தென்னைமரம்' என்னும் நம் சொல்லே அப்பெயரில் ஒலிக்கிறது. மலேசியப் பொருளாதார வரலாற்றின் ஒரு முக்கிய அத்தியாயம் தமிழ்ப் பெயர் தாங்கிய மண்ணில் தொடங்கியதைப் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

பெயர்கள் நிலைத்து நிற்பவை அல்ல. பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகும்போது, தோட்டப் பெயரும் மறைந்துவிடுகிறது. பல இடங்களில் அப்பெயரை இன்னும் தாங்கி நிற்பது தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகை மட்டுமே. பள்ளி இடம் மாறினாலும், அதன் பெயரிலுள்ள தோட்டத்தை நாம் மறக்கலாகாது.

ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாத்தா பாட்டி வாழ்ந்த தோட்டம் எது, எந்த டிவிஷன், அருகில் ஓடிய ஆறு எது என்று பிள்ளைகளைக் கேட்டு எழுதச் செய்யுங்கள். ஆசிரியர்களே, அவ்விடங்களை மாவட்ட வரைபடத்தில் மாணவர்களைக் கொண்டே குறிக்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்து முடிப்போம்.