இலவச இசைக் கல்வியும் நம் கரையோரமும்

“வாத்தியங்களை யாரேனும் வாங்கித் தந்துவிட்டாற் போதும், பிள்ளைகள் தாமாகவே கற்றுக்கொள்வார்கள்” என்னும் பேச்சு நமது சங்கக் கூட்டங்களில் அடிக்கடி எழுவதுண்டு. உடப்பு, ஆண்டிமுனை, முந்தல், சிலாபம் ஆகிய இடங்களிலுள்ள அன்பர்கள் பலரும் இக்கருத்தினரே. வாத்தியங்களை இலவசமாக வழங்கி, அவற்றை இலவசமாகவே பயிற்றும் தருமப்பணியொன்றைத் தொடங்கவேண்டும் என்னும் ஆவல் இளைஞரிடையே வலுத்துவருகின்றது. இவ்வேளையில், இத்தகைய பணியை முன்னர் செய்தவர்கள் எவ்வாறு செய்தார்கள், எங்கே நிலைத்தார்கள், எங்கே தடுமாறினார்கள் என்று பார்ப்பது பயனுடைத்து. வரலாறு கூறும் விடை நம் கூட்டங்களிற் கூறப்படும் விடைக்குச் சற்று மாறாகவே இருக்கின்றது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். புத்தளக் கரையோரம் இசையில்லாத ஊரன்று. கரைவலை இழுக்கும்போது ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றையோர் ஒருமித்துப் பின்பாடும் அம்பாப் பாட்டை உடப்பு மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்திருக்கிறார்கள். கயிற்றைப் பற்றிய கைகளுக்கு வாத்தியம் ஏது? ஆதலால் அங்கே குரலே வாத்தியமாயிற்று. கால் பின்வாங்கும் அடியே தாளமாயிற்று. திரௌபதை அம்மன் கோயிலின் ஆடித் திருவிழாவில் பாரதக் கதை பாடிப் படிக்கப்படுவதையும், வில்லும் குடமும் உடுக்கையும் கொண்டு வில்லிசை நிகழ்வதையும் நம் பெரியோர் நன்கறிவர். புத்தளத்தை அடுத்த சிராம்பியடியில் வாழும் ஆப்பிரிக்க வழிவந்த மக்கள், தேங்காய்ச் சிரட்டையையும், கரண்டியால் தட்டும் போத்தலையும், றபானையும், மண்டலீனையும் துணையாகக்கொண்டு தங்கள் மஞ்சாப் பாட்டைப் பாடுகிறார்கள். அடிமைகளாகவும் படைவீரராகவும் கடல்கடந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். எல்லாவற்றையும் இழந்த மக்கள் பாட்டை மட்டும் இழக்கவில்லை. சிரட்டைக்கு விலை ஏது?

எனவே ‘இசையே அறியாத ஏழைப் பிள்ளைகளுக்கு இசையைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறோம்’ என்று எவரும் நெஞ்சை நிமிர்த்தவேண்டியதில்லை. குறை வேறிடத்திலே இருக்கின்றது. பாடசாலையிலே சங்கீதம் ஒரு பாடம். அதனைக் கற்கும் பிள்ளைக்கு வீட்டிலே பழக ஒரு வயலினோ மிருதங்கமோ இல்லை. இருந்தாலும் விரலைப் பிடித்துத் திருத்த ஆள் இல்லை. இக்குறையைத் தீர்க்க முயன்றவர்களின் கதையே இக்கட்டுரை.

தமிழருக்கு இவ்விடயத்திற் கிடைக்கும் மிகத் தெளிவான பழஞ்சான்று தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டாகும். 1010ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற அக்கோயிலிலே திருப்பதியம் பாடுவதற்கு 48 பேரையும், அவர்களுக்குத் துணையாக உடுக்கை வாசிப்பவர் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவரையும் இராசராச சோழன் நியமித்தான். ஐம்பதின்மருக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 குறுணி நெல் கோயிற் பண்டாரத்திலிருந்து அளக்கப்பட்டது. இதுவரை பலரும் அறிந்ததே. நம்மை வியக்கவைப்பது அதற்குப்பின் வரும் பகுதி. பாடுவோருள் ஒருவர் இறந்துவிட்டால், அல்லது ஊரைவிட்டுப் போய்விட்டால் என்ன செய்வது? அவருக்கு அடுத்த உறவினர் அந்நெல்லைப் பெற்றுப் பாடவேண்டும். உறவினர் அத்தகுதி இல்லாதவராயின், தகுதியுள்ள ஒருவரைத் தெரிந்து பாடச்செய்யவேண்டும். உறவினரே இல்லையாயின், எஞ்சிய பாடகர்கள் கூடித் தகுந்தவரைத் தேர்ந்தெடுக்கவேண்டும். இத்தனையும் கல்லிலே வெட்டப்பட்டிருக்கின்றது.

அது பள்ளிக்கூடமன்று என்று யாரேனும் மறுக்கலாம். உண்மையே. ஆனால் ‘இன்றிருக்கும் ஆள் நாளை இல்லாமற்போவான்’ என்பதை முதல்நாளே எண்ணிப்பார்த்த ஏற்பாடு அது. நமது காலத்துச் சங்கங்கள் எத்தனை இவ்வாறு எண்ணின? தொடக்கவிழாவிற்கு யாரைத் தலைமைதாங்க அழைப்பது என்பதற்கு மூன்று கூட்டங்கள். ஆசிரியர் போய்விட்டால் யார் என்பதற்கு ஒரு வரியுமில்லை.

மேல்நாட்டிலே கதை அனாதை இல்லங்களிலிருந்து தொடங்குகின்றது. இன்று பெரிய இசைக்கல்லூரிகளைக் குறிக்க ஐரோப்பியர் வழங்கும் ‘கொன்சர்வற்றோரி’ என்னும் சொல், ‘பேணிக் காக்கும் இடம்’ என்னும் பொருளில், இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து அனாதைப் பிள்ளைகளின் புகலிடங்களுக்கு வழங்கிய பெயரேயாகும். அவற்றுள் ஒன்றான சாந்தா மரியா டி லொரேத்தோ 1537இல் தோன்றியது. சோறும் துணியும் கொடுத்த இல்லங்கள் காலப்போக்கில் பாட்டும் வாத்தியமும் கற்பித்தன. கற்ற பிள்ளைகள் தேவாலயங்களிலும் ஊர்வலங்களிலும் பாடி இல்லத்திற்கு வருவாய் தேடினர். வெனிஸ் நகரத்துப் பியெத்தா இல்லத்திலே, கைவிடப்பட்ட பெண்குழந்தைகளுக்கு வயலின் கற்பிக்க 1703இல் அமர்த்தப்பட்டவர் விவால்டி என்னும் இளம் குரு. கிராதிக்குப் பின்னால் மறைந்திருந்து அப்பெண்கள் வாசித்ததைக் கேட்க ஐரோப்பாவெங்குமிருந்து செல்வர்கள் வந்து காணிக்கை செலுத்தினர். தருமத்தினாற் கற்றவர்கள் தாம் கற்றதனாலேயே அத்தருமத்தை வாழவைத்தார்கள். பிள்ளைகளின் உழைப்பை இல்லம் உண்டது என்று குறைகூறவும் இதில் இடமுண்டு. நாமும் நன்கொடையாளரை மகிழ்விக்கவென்று பிள்ளைகளை மேடைமேடையாக ஏற்றத் தொடங்கினால் அக்குறை நம்மையும் சாரும்.

அந்த வயலின் நம் சங்கீதத்துக்குள் நுழைந்த கதையும் ஒரு கொடையின் கதைதான். முத்துசுவாமி தீட்சிதரின் இளையவரான பாலுசுவாமி தீட்சிதருக்கு, சென்னையை அடுத்த மணலியிலிருந்த முதலியார் குடும்பத்தார் ஓர் ஐரோப்பியரைக்கொண்டு வயலின் கற்பிக்க ஏற்பாடு செய்தனர். அவர்கள் வாத்தியத்தை வாங்கிக் கையிற் கொடுத்ததோடு நின்றிருந்தால், இன்று கச்சேரி மேடையில் வயலின் இருந்திருக்குமோ என்னவோ! சுவாதித் திருநாள் மன்னர் 1834இல் தஞ்சை வடிவேலுவுக்குத் தந்தத்தாற் செய்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார். அது கற்றுத் தேர்ந்த வித்துவானுக்குச் செய்த சிறப்பு. கற்கவரும் பிள்ளைக்குத் தந்தம் வேண்டாம், ஆசிரியரே வேண்டும்.

ஈழநாட்டிலே வட இலங்கைச் சங்கீத சபை 1931இல் தோன்றிப் பரீட்சைகள் மூலம் இசைக் கல்விக்கு ஓர் ஒழுங்கைத் தந்தது. 1960இல் மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக்கல்லூரி எழுந்தது. மகாராஜபுரம் சந்தானம் போன்ற பெருவித்துவான் அதன் அதிபராக இருந்து கற்பித்தார். 1975இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தோடு இணைந்தது. மட்டக்களப்பிலே 1982இல் சுவாமி விபுலானந்தரின் பெயரால் இசை நடனக் கல்லூரி நிறுவப்பட்டது. 1947இல் திருக்கொள்ளம்பூதூரிலே தமது யாழ்நூலை அரங்கேற்றிய அடிகள், அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே ஆதரவற்ற மாணவருக்கு இல்லமும் பாடசாலையும் நடத்தியவர் என்பதை இங்கே மறக்கலாகாது. ஆராய்ச்சியும் அன்னதானமும் அவரிடத்தில் ஒன்றாயிருந்தன.

இக்கல்லூரிகள் வடக்கிலும் கிழக்கிலும் இருக்கின்றன. நாமோ மேற்குக் கரையில். அங்கே பயின்றவர் இங்கே ஆசிரியராக வந்தாலும், சொந்த ஊருக்கு இடமாற்றம் பெறும் நாளை எண்ணிக்கொண்டிருப்பது இயல்பே. அவரைக் குறைகூறிப் பயனில்லை. தங்க ஒரு வீடும், பேச நாலு பேரும், மதிப்பும் கிடைத்தால் அவர் இன்னும் ஓராண்டு தங்கக்கூடும்.

கோயிலைச் சார்ந்த வாத்தியங்களுக்குத் தமிழ்நாட்டிலே பழநித் தேவஸ்தானம் நடத்தும் நாதஸ்வர தவிற் பள்ளி ஒரு நல்ல முன்மாதிரி. நாதஸ்வரத்தைப் பற்றி ஒரு செய்தி. குடந்தையை அடுத்த நரசிங்கன்பேட்டையில் ஆச்சா மரத்தில் அதனைக் கடைகிறார்கள். குழல் பல்லாண்டுகளுக்கு உழைக்கும். ஆனால் வாயில் வைத்து ஊதும் சீவாளி அவ்வாறன்று. அது தேய்ந்துகொண்டேயிருக்கும், மாற்றிக்கொண்டேயிருக்கவேண்டும். வயலினுக்குத் தந்தி, மிருதங்கத்திற்குத் தோல், எல்லாம் இப்படியே. இலவசமாக வாத்தியம் கொடுப்பவர் ஒருமுறை கொடுக்கிறார். வாத்தியமோ ஆண்டுதோறும் கேட்கிறது.

இதை நாம் பட்டறிந்திருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன், இக்கரையோரத்து ஊரொன்றிலே அன்பர் ஒருவரின் உதவியால் நாலு வயலின்களும் ஒரு மிருதங்கமும் ஓர் ஆர்மோனியமும் வந்திறங்கின. மாலை சூட்டிப் படம் எடுத்துக்கொண்டோம். ஆசிரியர் ஆறு மாதம் வந்தார். பிறகு அவருக்கு வேறிடத்தில் வேலை கிடைத்தது. ‘புதியவர் வரும்வரை பத்திரமாக இருக்கட்டும்’ என்று எல்லாவற்றையும் அலுமாரியில் வைத்துப் பூட்டினோம். நம் ஊரின் உப்புக்காற்றைப் பற்றி எவருக்கும் நினைவு வரவில்லை. மறுமுறை திறந்தபோது தந்திகள் துருவேறியிருந்தன. வயலின் ஒன்றின் பசை விட்டு மேற்பலகை பிரிந்திருந்தது. ஆர்மோனியத்தின் துருத்தியைப் பூச்சி அரித்திருந்தது. பிள்ளைகளின் கையிலே இருந்து உடைந்திருந்தாலாவது யாராவது கற்றிருப்பார்கள் என்று அன்று ஒரு தாயார் சொன்னார். நம்மிடம் அதற்கு மறுமொழி இல்லை.

ஆர்மோனியத்தை வாங்கலாமா கூடாதா என்பதிலும் நம் பெரியோரிடையே கருத்து வேற்றுமை உண்டு. கமகத்திற்கு அது உதவாது என்பது பழைய வழக்கு. அகில இந்திய வானொலி 1940இல் அதனை விலக்கி, 1971 வரையில் அவ்விலக்கைத் தளர்த்தாமலே வைத்திருந்தது. எனினும் பஜனையில் நூறு குரல்களை ஒரு சுருதியில் நிறுத்த அதைப்போல எளியது வேறில்லை. கச்சேரிக்கு வேண்டாம், கூட்டுப் பிரார்த்தனைக்கு இருக்கட்டும் என்பதே நமது எண்ணம்.

அண்மைக்காலத்து முயற்சிகளுள் உலகறிந்தது வெனிசுவேலா நாட்டினது. 1975இல் ஹொசே அந்தோனியோ அப்ரேயு என்பவர் கராக்கஸ் நகரில் வாகனக் கொட்டகை ஒன்றிலே 11 இளைஞரோடு ஒத்திகையைத் தொடங்கினார். பின்னர் நாடெங்கும் நிலையங்கள் பெருகி, பல இலட்சம் பிள்ளைகள் இலவசமாக வாத்தியமும் பயிற்சியும் பெற்றனர். பொருளுதவி அரசினிடமிருந்து வந்தது. அதுவே அதன் பலம். நாட்டின் பொருளாதாரம் சரிந்தபோது அதுவே பலவீனமுமாயிற்று. அப்ரேயு 2018இல் காலமானார். அவருடைய முறையில் நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது, பிள்ளைகளைத் தனித்தனியே அல்லாது முதல்நாளிலிருந்தே கூட்டமாக வாசிக்கவைத்ததாகும். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கிறது. அம்பாப் பாடுவோருக்கு இது புதிதன்று.

இந்தியாவிலே கலிம்பொங் மலையூரில் எட்வர்ட் மக்குவயர் என்னும் கனடா நாட்டுப் பாதிரியார் 1993இல் தொடங்கிய காந்தி ஆச்சிரமப் பாடசாலை, கூலித் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு உணவும் கல்வியும் வயலினும் ஒருங்கே தந்தது. சென்னையிலே ஏ. ஆர். ரகுமானின் அறநிலையம் வசதியற்ற பிள்ளைகளைத் தேர்ந்து இலவசமாக இசைபயிற்றி ஒரு வாத்தியக் குழுவாக்கியிருக்கின்றது. தென்னமெரிக்காவின் பராகுவே நாட்டிலே, குப்பைமேட்டின் அருகில் வாழ்வோர் எண்ணெய்த் தகரத்திலும் மரத்துண்டிலும் வயலின் செய்து பிள்ளைகளுக்குக் கொடுத்தனர். ஊரிலேயே வாத்தியத்தைச் செய்யவும் திருத்தவும் தெரிந்த ஒரு கைவினைஞர் இருந்ததே அங்கு அடிப்படை. நம் ஊர்த் தச்சரிடம் ஒரு வயலினைக் காட்டிப் பசைபோடக் கேட்டோமா?

இவற்றையெல்லாம் நோக்கியபின், இம்முறை சங்கம் ஒரு சிறு திட்டத்தை வகுத்திருக்கின்றது. முதலாண்டில் வாத்தியங்களுக்குச் செலவிடும் தொகையிலும் ஆசிரியருக்கு ஒதுக்கும் தொகை கூடுதலாயிருக்கும். புல்லாங்குழல், தாளம், உடுக்கை, மிருதங்கம் ஆகியவற்றோடு தொடங்குவோம். வயலின் பின்னர் வரட்டும். வாத்தியங்கள் அலுமாரியிலல்ல, பிள்ளைகளின் வீடுகளிலே இருக்கும். பெற்றோர் ஒப்பமிட்டு எடுத்துச் செல்வர். உடைந்தால் தண்டமில்லை. தந்திக்கும் தோலுக்குமென ஒரு தனிக் கணக்கு இருக்கும். அதை வேறெதற்கும் தொடலாகாது. ஆசிரியர் நீங்கினால் அடுத்தவரைத் தேடும் பொறுப்பு இன்னின்ன மூவருடையது என்பது தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படும். வகுப்பு கோயில் மண்டபத்தில் நடந்தாலும், கற்க விரும்பும் முஸ்லிம், கத்தோலிக்கப் பிள்ளைகள் தயங்காது வரத்தக்கதாகப் பாடசாலைக் கட்டடத்தில் ஒரு நாள் நடத்துவது பற்றியும் பேசிவருகிறோம். இதில் இன்னும் முடிவாகவில்லை, பெரியோரின் கருத்தை வேண்டுகிறோம்.

இன்னுமொன்று. ஐப்பசியிலே கரைவலைக் காலம் தொடங்கிவிடும். அப்போது பெரிய பையன்கள் பலர் மாலையிலும் கடற்கரையிலேதான் நிற்பார்கள். முன்னைய வகுப்பு அந்த மாதத்திலேதான் முதன்முதலில் ஆளின்றிக் குறைந்தது. ஆகவே வகுப்பு நாட்களைச் சங்கம் குறிப்பதற்கு முன், மன்றாடிமார்களிடம் வலை வளைக்கும் நேரத்தைக் கேட்டு எழுதிவர இருவரை அனுப்பியிருக்கிறோம்.