செய்தியில் நடுநிலை

செய்தியை எழுதுபவரின் விருப்பு வெறுப்பு செய்தியை வளைத்துவிடாமல் காக்கும் இதழியல் நெறி நடுநிலை எனப்படுகிறது. புறவயத்தன்மை, பக்கச்சார்பின்மை என்ற பெயர்களும் இதற்கு உண்டு. இதழியலோடு உடன்பிறந்த நெறி அன்று இது. அமெரிக்காவில் 1920-களில்தான் எழுதப்பட்ட விதியாக உருப்பெற்றது. மனிதர் எவரும் சார்பிலிருந்து தப்ப முடியாது என்று கண்டவர்கள், அதற்கு மருந்தாக ஒரு வேலைமுறையை முன்வைத்தனர். அந்த வேலைமுறை நாளடைவில் “செய்தியாளருக்குச் சார்பே கிடையாது” என்ற உரிமைகோரலாகத் திரிந்தது. இந்த நெறியைப் பற்றிய சண்டைகளில் பெரும்பாலானவை அந்தத் திரிபிலிருந்து பிறந்தவை.

அமெரிக்கக் குடியரசின் தொடக்க காலத்தில் நாளிதழ் என்றால் கட்சி ஏடு என்றே பொருள். அலெக்சாண்டர் ஹாமில்டன் அணிக்கு ஓர் ஏடு, தாமஸ் ஜெஃபர்சன் அணிக்கு ஓர் ஏடு. ஜெஃபர்சன் வெளியுறவுச் செயலராக இருந்தபோது, தம் அணியின் ஏட்டை நடத்திய பிலிப் ஃபிரெனோவுக்குத் தம் துறையிலேயே மொழிபெயர்ப்பாளர் வேலை கொடுத்தார்.  1833-இல் நியூயார்க்கில் பெஞ்சமின் டே ஒரு சென்ட் விலையில் ‘சன்’ இதழைத் தொடங்கினார். மற்ற ஏடுகளின் விலை ஆறு சென்ட். தெருவில் கூவி விற்கும் இதழுக்குக் கட்சிக்காரர் மட்டும் வாங்கினால் கட்டுப்படியாகாது. அடுத்துத் தந்தி வந்தது. 1846-இல் நியூயார்க் நாளிதழ்கள் செலவைப் பகிர்ந்துகொள்ளச் சேர்ந்து அமைத்த கூட்டே அசோசியேட்டட் பிரஸ். ஒரே செய்தி பல கட்சி ஏடுகளுக்கும் போக வேண்டியிருந்ததால், கருத்தை நீக்கி நிகழ்வை மட்டும் அனுப்புவது அதன் வழக்கமானது. 1896-இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழை வாங்கிய அடால்ஃப் ஓக்ஸ், கட்சி பாராமல், அச்சமோ சலுகையோ இன்றிச் செய்தி தரப்போவதாக அறிவித்தார். அறத்துக்கு முன்பே வணிகம் இந்தப் பாதையைத் திறந்துவிட்டிருந்தது.

நடுநிலை என்று சொல்லிக்கொண்டதன் வரம்பு கறுப்பின மக்களைப் பற்றிய செய்திகளில் தெரிந்தது. கும்பல் கூடிக் கறுப்பினத்தவரைக் கொன்ற நிகழ்வுகளை எழுதிய வெள்ளையர் நாளிதழ்கள் பல, கொல்லப்பட்டவர் குற்றம் செய்தவரே என்ற கும்பலின் கூற்றை நிகழ்வாகவே எடுத்துக்கொண்டன. 1892-இல் மெம்ஃபிஸ் நகரில் மூன்று கறுப்பின மளிகைக் கடைக்காரர்கள் இப்படிக் கொல்லப்பட்டனர். அவர்களை நேரில் அறிந்தவர் இதழாளர் ஐடா பி. வெல்ஸ். அவர் இத்தகைய கொலைகள் பலவற்றுக்குச் சொல்லப்பட்ட காரணங்களை விசாரித்தார். வெள்ளையர் நாளிதழ்கள் வெளியிட்ட எண்களையே எடுத்து, அவற்றைக் கொண்டே அந்தக் காரணங்கள் பொய் என்று காட்டினார். அவர் ஊரில் இல்லாத நேரத்தில் அவருடைய இதழ் அலுவலகத்தைக் கும்பல் நாசமாக்கியது. வெல்ஸ் தம் சார்பை ஒருபோதும் மறைத்ததில்லை. ஆயினும் அக்காலத்தின் மிகக் கறாரான சான்றுச் சேகரிப்பு அவருடையது. 2020-இல் புலிட்சர் குழு மறைவுக்குப் பிந்தைய சிறப்பு விருதால் அவரைப் போற்றியது.

ஏறக்குறைய அதே காலத்தில் சென்னையிலும் இந்தக் கேள்வி வேறு வடிவில் எழுந்தது. தி. முத்துசாமி ஐயர் உயர் நீதிமன்ற நீதிபதியாக அமர்த்தப்பட்டதை ஆங்கிலேயர் நடத்திய இதழ்கள் தாக்கின. அதற்கு மறுமொழி சொல்ல ஆறு இளைஞர்கள் 1878 செப்டம்பரில் ‘இந்து’ வார இதழைத் தொடங்கினர். முதல் இதழ் 80 படிகள். அவர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் ‘சுதேசமித்திரன்’ கண்டார். பொதுநிலை என்று உலவியது ஆள்பவரின் பார்வையே என்பதைக் கண்ட இடத்தில்தான் இந்த இதழ்கள் பிறந்தன.

நெறியாக நடுநிலை உருவாகக் காரணம் முதல் உலகப்போர். 1917-இல் அமெரிக்க அரசு ஜார்ஜ் கிரீல் தலைமையில் பொதுத் தகவல் குழுவை அமைத்தது. போருக்கு ஆதரவு திரட்டும் செய்திகள் அங்கிருந்து நாடெங்கும் போயின. வால்டர் லிப்மன் என்ற இளம் எழுத்தாளர் அப்போது படைப்பிரிவில் பரப்புரைத் துண்டறிக்கைகள் தயாரிக்கும் வேலையில் இருந்தார். செய்தி எப்படிச் சமைக்கப்படுகிறது என்பதை அடுப்படியிலிருந்தே பார்த்தவர் அவர்.

போருக்குப் பின் லிப்மனும் இதழாளர் சார்லஸ் மெர்ஸும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தனர். ரஷ்யப் புரட்சி பற்றி ‘நியூயார்க் டைம்ஸ்’ 1917 மார்ச் முதல் 1920 மார்ச் வரை வெளியிட்ட செய்திகளை வரிசையாக எடுத்துப் படித்தனர். தரம் குறைந்த ஏடு என்று யாரும் தள்ளிவிட முடியாது என்பதாலேயே அந்த நாளிதழைத் தேர்ந்தனர். ரஷ்யாவில் உண்மையில் என்ன நடந்தது என்ற வழக்குக்குள் அவர்கள் நுழையவில்லை. இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் சில நிகழ்வுகளை மட்டும் அளவுகோலாக வைத்தனர்: 1917 ஜூலையில் ரஷ்யப் படையெடுப்பு தோற்றது, நவம்பரில் போல்ஷெவிக்குகள் இடைக்கால அரசைக் கவிழ்த்தனர், 1918 மார்ச்சில் ஜெர்மனியுடன் ரஷ்யா உடன்படிக்கை செய்தது, அவர்களை எதிர்த்த தளபதிகள் கோல்சாக், டெனிகின், யுடேனிச் ஆகியோரின் படைகள் தோற்றன, 1920 மார்ச்சில் போல்ஷெவிக்குகள் ஆட்சியில் இருந்தார்கள். இவற்றை அந்த இதழின் வாசகர் முன்கூட்டி உணர்ந்திருக்க முடியுமா என்பதே சோதனை. விடை, இல்லை. இரண்டு ஆண்டுகளில் 91 முறை போல்ஷெவிக் ஆட்சி கவிழப்போகிறது அல்லது கவிழ்ந்தேவிட்டது என்று அந்த இதழ் சொல்லியிருந்தது. லெனின் கொல்லப்பட்டதாகவும் ஒருமுறை செய்தி வந்திருந்தது. 1920 ஆகஸ்ட் 4-இல் ‘நியூ ரிபப்ளிக்’ இதழின் இணைப்பாக இந்த ஆய்வு வெளியானது. யாரோ பணம் கொடுத்துப் பொய் எழுதச் சொன்னார்கள் என்ற முடிவுக்கு அவர்கள் வரவில்லை. நிருபர்களும் ஆசிரியர்களும் எதை விரும்பினார்களோ, எதற்கு அஞ்சினார்களோ, அதையே கண்டார்கள் என்பதே அவர்களின் தீர்ப்பு. வேண்டுமென்றே சொல்லும் பொய்யைவிட இது கண்டுபிடிக்கக் கடினமானது. பின்னாளில் மெர்ஸ் அதே ‘நியூயார்க் டைம்ஸ்’ தலையங்கப் பக்கத்தின் ஆசிரியரானார்.

1922-இல் லிப்மன் எழுதிய ‘பொதுக்கருத்து’ என்ற நூல் இதைத் தத்துவமாக்கியது. அச்சகத்தில் எழுத்துகளைக் கோத்து, அச்சு எடுத்து, ஈயத்தில் வார்க்கும் தகட்டுக்கு ஸ்டீரியோடைப் என்று பெயர். மனிதர் உலகைக் காணும் முன்பே மனத்தில் இப்படி வார்த்துவைத்த தகடுகள் உண்டு என்றார் அவர். இதற்கு அவர் கண்ட மருந்து அறிவியலின் ஒழுங்கு: சான்றைச் சரிபார், மூலத்தைச் சொல், ஐயத்தை மறைக்காதே. 1923-இல் அமெரிக்க நாளிதழ் ஆசிரியர்கள் சங்கம் ஏற்ற நெறிமுறையில் துல்லியமும் பக்கச்சார்பின்மையும் இடம்பெற்றன.

முறையை வகுத்தவரையும் அச்சம் விட்டுவைக்கவில்லை. 1942 பிப்ரவரியில், ஜப்பானியத் தாக்குதலுக்குப் பிந்தைய பதற்றத்தில், கலிஃபோர்னியாவிலிருந்து லிப்மன் ஒரு பத்தி எழுதினார். அங்கு வாழ்ந்த ஜப்பானிய வழியினர் நாசவேலை எதிலும் ஈடுபடவில்லை. அவ்வாறு ஈடுபடாததே பெரிய அடிக்காகக் காத்திருப்பதன் அறிகுறி என்றார். சான்று இன்மையையே சான்றாக்கிய வாதம் அது. சில நாள்களில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஆணையிட, ஏறத்தாழ 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். 1988-இல் அமெரிக்க அரசு சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டது.

இதற்கிடையே செய்தி அறைகளில் நெறி சடங்காக இறுகியிருந்தது. 1950 பிப்ரவரி 9-இல் செனட்டர் ஜோசஃப் மெக்கார்த்தி வெளியுறவுத் துறையில் 205 கம்யூனிஸ்டுகள் இருப்பதாகப் பேசியதாகச் செய்தி வந்தது. அடுத்த நாள் அந்த எண் 57. அம்மாதமே செனட்டில் 81. நிருபர்கள் ஒவ்வொன்றையும் அப்படியே எழுதினர். அவர் அவ்வாறு சொன்னது உண்மை. சொன்னது உண்மையா என்று கேட்பது கருத்துச் சொல்வதாகிவிடும் எனப் பலர் தயங்கினர். பொய்யைத் துல்லியமாக மேற்கோள் காட்டினால் போதும் என்ற நிலைக்கு நெறி தாழ்ந்த தருணம் இது. சமூகவியலாளர் கே டக்மன் 1972-இல் எழுதிய கட்டுரை, மேற்கோள் குறியும் ‘மறுதரப்பும்’ செய்தியாளரைக் குற்றச்சாட்டிலிருந்து காக்கும் கவசமாக எப்படிப் பயன்படுகின்றன என்று காட்டியது.

வாசகரும் சார்புக்கு விலக்கல்லர். 1951-இல் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் கல்லூரிகளின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் பிரின்ஸ்டன் நட்சத்திர வீரரின் மூக்கு உடைந்தது. டார்ட்மவுத் வீரர் ஒருவரின் கால் முறிந்தது. உளவியலாளர்கள் ஹாஸ்டார்ஃபும் கான்ட்ரிலும் ஆட்டப் படத்தை இரு கல்லூரி மாணவருக்கும் போட்டுக் காட்டினர். டார்ட்மவுத் அணி செய்ததாகப் பிரின்ஸ்டன் மாணவர் எண்ணிய விதிமீறல்கள், டார்ட்மவுத் மாணவர் எண்ணியவற்றைப் போல இரு மடங்குக்கும் மேல். 1985-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வு, 1982 பெய்ரூட் படுகொலை பற்றிய தொலைக்காட்சிச் செய்திகளை இஸ்ரேல் ஆதரவு மாணவருக்கும் அரபு ஆதரவு மாணவருக்கும் காட்டியது. அதே செய்தி தம் தரப்புக்கு எதிரானது என்று இரு சாராரும் உறுதியாக நம்பினர். ஆகவே இரு தரப்பும் திட்டுவது செய்தி நடுநிலையானது என்பதற்குச் சான்றாகாது. சில ஆசிரியர்கள் அப்படிச் சொல்லி ஆறுதல் கொள்வதுண்டு.

இரு தரப்புக்கும் சம இடம் கொடுப்பதே நடுநிலை என்ற எண்ணம் அறிவியல் செய்திகளில் பெருந்தீங்கு செய்தது. ஆய்வாளர்கள் மேக்ஸ்வெல் பாய்காஃப், ஜூல்ஸ் பாய்காஃப் இருவரும் அமெரிக்காவின் நான்கு முன்னணி நாளிதழ்களில் 1988 முதல் 2002 வரை புவி வெப்பமாதல் பற்றி வந்த 636 கட்டுரைகளை ஆராய்ந்து 2004-இல் முடிவை வெளியிட்டனர். பாதிக்கும் சற்று மேலானவை, மனிதரே காரணம் என்ற வாதத்துக்கும் இயற்கை மாறுபாடே என்ற வாதத்துக்கும் ஏறத்தாழச் சம எடை தந்திருந்தன. அறிவியலாளரிடையே அத்தகைய சமநிலை இருக்கவில்லை.

அமெரிக்கத் தொழில்முறை இதழாளர் சங்கம் 1996-இல் தன் நெறிமுறையைத் திருத்தியபோது புறவயத்தன்மை என்ற சொல்லை நீக்கியது. உண்மையைத் தேடி வெளியிடுதல், தீங்கைக் குறைத்தல், சுதந்திரமாகச் செயல்படுதல், பொறுப்பேற்றல் என்ற நான்கு கடமைகள் அதில் இடம்பெற்றன. 2014 திருத்தத்தில் பொறுப்பேற்றலுடன் வெளிப்படைத்தன்மையும் சேர்க்கப்பட்டது.