ஊடுபயிர் கற்பித்த பாடம்



தொழில் நொடிக்கும் காலத்தில் புதிய வருமானத்தை எங்கே தேடுவது? நம் மலாக்கா மண்ணிலேயே இதற்கொரு பழைய விடை கிடக்கிறது. அதைச் சொல்லுமுன் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் தந்தையார் சுங்கை ரம்பாயில் சிறிய மளிகைக் கடை வைத்திருந்தார். சுற்றுவட்டாரத் தோட்டத்து மக்களே வாடிக்கையாளர்கள். சம்பள நாளில் பழைய கணக்கைத் தீர்ப்பார்கள். மறுநாளே புதுக்கணக்கு தொடங்கிவிடும். 1997ஆம் ஆண்டின் நடுவில் தாய்லாந்தில் மூண்ட நாணய நெருக்கடி நம் நாட்டையும் தாக்கியது. ஏறத்தாழ இரண்டரை ரிங்கிட்டாக இருந்த அமெரிக்க டாலர், 1998 ஜனவரியில் நான்கரை ரிங்கிட்டையும் தாண்டியது. அவ்வாண்டு செப்டம்பரில் அரசாங்கம் அதனை 3.80 ரிங்கிட்டில் நிறுத்திவைத்தது. அதற்குள் தொழிற்சாலைகளில் வேலையிழந்த பிள்ளைகள் பலர் வீடு திரும்பியிருந்தனர். தந்தையாரின் கடன் புத்தகம் தடித்தது, கல்லாப்பெட்டி மெலிந்தது.

புது வருமானம் தேடிய அவர், கடன் வாங்கிப் பெரிய குளிர்பதனப் பெட்டி ஒன்றை வாங்கினார். உறைந்த கோழியும் மீனும் விற்கலாம் என்பது கணக்கு. "இருக்கிற கடன் போதாதா, இதுவும் எதுக்குங்க?" என்று தாயார் கேட்டது இன்றும் என் காதில் ஒலிக்கிறது. வாங்க ஆளில்லாத காலத்தில் கோழியானாலும் அரிசியானாலும் ஒன்றுதானே? வட்டி மட்டும் தவறாமல் வந்தது. 1999இல் கடையை மூடினோம்.

பல ஆண்டுகள் கழித்து, மாணவர்களுக்கு வட்டார வரலாறு சொல்வதற்காகப் படித்தபோதுதான் எங்கள் தவறு எனக்கு விளங்கியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலாக்காவில் மரவள்ளி பெருமளவில் பயிரிடப்பட்டது. அது மண்ணின் சத்தை உறிஞ்சிவிடும் பயிர். வேறு பயிரைத் தேட வேண்டிய காலம் வந்தது. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி, இரப்பரை நடுங்கள் என்று தோட்ட முதலாளிகளிடம் ஓயாமல் சொல்லி வந்தார். பலர் அவரைப் பித்தர் என்றே ஏளனம் செய்தனர். அவர் சொல்லுக்குச் செவிசாய்த்தவர் மலாக்காவைச் சேர்ந்த தான் சாய் யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் இரப்பரை நட்டார். மலாயாவின் முதல் இரப்பர்த் தோட்டமாக அது போற்றப்படுகிறது. அடுத்து, எங்கள் ஜாசின் மாவட்டத்துப் புக்கிட் அசகானில் ஏறத்தாழ 3,000 ஏக்கரில் இறங்கினார்.

இரப்பர் மரம் பால் தர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அதுவரை செலவுக்கு என்ன வழி? அவர் இரப்பர்க் கன்றுகளுக்கு இடையே மரவள்ளியை ஊடுபயிராக நட்டார். ஓராண்டு அளவிலேயே கிழங்கு விளையும். பழைய பயிர் புதிய பயிருக்குச் சோறு போட்டது! தெரிந்த தொழிலை விட்டுவிட்டுத் தெரியாத தொழிலில் அவர் குதிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பின்னர் அந்த இரப்பரும் விழுந்தது. 1929இல் சிங்கப்பூரில் ஓர் இராத்தல் இரப்பர் சராசரியாக 34 காசு விற்றது. உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தால் 1932இல் அது 7 காசாகச் சரிந்தது. 1930இல் தோட்டத்து ஆண்களின் நாட்கூலி 50 காசிலிருந்து 40 காசாகக் குறைக்கப்பட்டது. பின்னர் மேலும் இறங்கியது. 1930 முதல் 1932 வரை ஏறத்தாழ 1,90,000 இந்தியர்கள் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்களே.

பெரிய தோட்டங்கள் ஆட்குறைப்புச் செய்தபோது, சிறுதோட்டக்காரர்கள் எப்படித் தாக்குப்பிடித்தனர்? பால் வெட்டியவர்கள் பெரும்பாலும் அவர்கள் குடும்பத்தாரே. சம்பளப் பட்டியல் சுமை அவர்களுக்கில்லை. வீட்டைச் சுற்றித் தென்னையும் வாழையும் கோழியும் இருந்தன. விலை விழுந்தபோது வருமானம் குன்றியது. ஆனால் அடுப்பு அணையவில்லை.

தோட்டத் தொழிலாளர்களுக்கோ அந்த வசதி குறைவு. குடும்பமுள்ள தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டுமெனத் தொழிலாளர் சட்டம் கூறியது. ஏறத்தாழ 2,700 சதுர அடி. கீரையும் கத்தரியும் விளைக்கலாம். மாட்டுக்குப் புல் வளர்க்கலாம். அந்தச் சிறு துண்டு நிலமும் அந்நாளில் சோறு போட்டிருக்கும்.

இவ்வரலாறு எனக்குச் சொல்வது இதுதான். நெருக்கடியில் கைகொடுக்கும் வருமானம், கையில் ஏற்கனவே இருக்கும் நிலத்திலிருந்தும் கருவியிலிருந்தும் கைத்திறத்திலிருந்தும் வர வேண்டும், புதுக்கடனிலிருந்து அன்று. அதை நடவேண்டிய நேரமும் முதற்பயிர் நன்றாக நிற்கும் நேரமே.

எங்கள் கடையின் பின்கட்டில் ஒரு மாவரைக்கும் இயந்திரம் இருந்தது. தீபாவளிக்கு முறுக்கு மாவு அரைப்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். கடையை மூடிய பிறகு தாயார் அதைத் துடைத்து எடுத்தார். இட்லி மாவும் முறுக்கும் விற்றார். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குச் சென்ற பேருந்துக் கட்டணம் அந்த முறுக்குக் காசுதான்.

அதே இயந்திரம் 1997லும் அங்கேதான் இருந்தது. எங்கள் கண்ணில்தான் படவில்லை.

சிறுதொழில் நடத்தும் அன்பர்களே, வியாபாரம் நன்றாக நடக்கும் இன்றே உங்கள் பின்கட்டை ஒருமுறை பாருங்கள்.

மீண்டும் சந்திப்போம்.