பிரசங்க பீடமும் வெறுப்புக் குற்றச் சட்டமும்

புதிய சட்டமொன்று வருங்கால் அதனைத் தடுக்க விரும்புவோர் கையாளும் கருவிகள் பல. அவற்றுள் "இது எம் மதத்திற் கைவைக்கிறது" என்னும் கூக்குரலைப் போல் விரைவிற் பற்றிக்கொள்வது பிறிதில்லை. சீர்திருத்தம் விழைவோர் அக்குரலைக் கேட்டதும் எள்ளி நகையாடிவிட்டு அப்பாற் செல்வது வழக்கம். அவ்வாறு செல்லுதல் தகாது. அதில் நெல் எவ்வளவு, பதர் எவ்வளவு என்று புடைத்துப் பார்த்தல் வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் தன்பால் விருப்பினரையும் திருநங்கையரையும் வன்செயலினின்று காத்தற்கென 2009ஆம் ஆண்டில் ஒரு சட்டம் பிறந்த வரலாறு அதற்கு நல்ல முறம் ஆகும்.

அச்சட்டம் கொலையுண்ட இருவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒருவர் ஜேம்ஸ் பைர்ட், கறுப்பினத்தவர், 49 வயதினர். 1998 ஜூன் 7ஆம் நாள் டெக்ஸஸ் மாநிலத்து ஜாஸ்பர் நகரில் வெள்ளையர் மூவர் இவரைத் தம் வண்டியின் பின்னே சங்கிலியாற் பிணித்து, தரையில் இழுத்துச் சென்று கொன்றனர். மற்றவர் மாத்யூ ஷெப்பர்ட், 21 வயது மாணவர், தன்பால் விருப்பினர். அதே ஆண்டு அக்டோபர்த் திங்களில், வயோமிங் மாநிலத்து லாரமி நகர்ப்புறத்தே இளைஞர் இருவர் இவரை வேலியிற் கட்டி, கைத்துப்பாக்கியால் மண்டை பிளக்க அடித்து, கடுங்குளிரில் விட்டுச் சென்றனர். 12ஆம் நாள் அவர் மருத்துவமனையில் உயிர் நீத்தார். அவருடைய இறுதிச் சடங்கு நடந்த கோவிலுக்கு வெளியே கான்சாஸ் மாநிலத்துச் சிறு சபையொன்றினர், இறந்தவர் நரகத்திற் கிடக்கிறார் என்னும் அட்டைகளைத் தூக்கி நின்றனர். மகனைப் பறிகொடுத்த தாய் மதத்தின் பெயரால் அன்று கண்ட காட்சி அது!

இனம், நிறம், மதம், பிறந்த நாடு இவை காரணமாக ஒருவரைத் தாக்குதலைத் தண்டிக்கும் மத்திய சர்க்கார்ச் சட்டம் 1968 முதலே அந்நாட்டில் உண்டு. அதுவும் வாக்களித்தல், பள்ளி செல்லுதல் போன்ற சில உரிமைகளைச் செலுத்துங்கால் தாக்கப்பட்டால் மட்டுமே செல்லும். தன்பால் விருப்பினர்க்கு அதில் இடமே இல்லை. தெற்கு மாநிலங்களில் கறுப்பு மக்களின் மாதா கோவில்கள் அடுத்தடுத்துத் தீக்கிரையானபோது, கோவில்களைக் காக்கும் சட்டம் 1996இல் இரு சபைகளிலும் எதிர்ப்பு வாக்கு ஒன்றேனுமின்றி நிறைவேறிற்று. ஷெப்பர்ட் போன்றோரைக் காக்கும் சட்டத்திற்கோ பத்தாண்டுக்கு மேல் பிடித்தது.

எதிர்த்தோர் கூறியது யாது? அதனை நேர்மையாக எடுத்துரைப்போம். கொலைக்குத் தண்டனை முன்னரே உண்டு. கொன்றவன் உள்ளத்தில் இருந்த எண்ணத்திற்குத் தனித் தண்டனை விதித்தல் எண்ணத்தையே குற்றமாக்குவதாகும் என்பது ஒன்று. மற்றொன்று இதனினும் நுட்பமானது. குற்றம் புரியத் தூண்டியவனும் குற்றவாளியே என்பது அந்நாட்டுப் பொதுச் சட்டம். ஆண் ஆணை விரும்புதல் பாவம் என்று பாதிரியார் ஞாயிறன்று பிரசங்கிக்கிறார்; கேட்டிருந்த ஒருவன் திங்களன்று ஒருவரை அடிக்கிறான்; அப்போது தூண்டினவர் பாதிரியாரே என்று அதிகாரிகள் அவர் கதவைத் தட்ட மாட்டார்களா? இதுவே அவர்தம் அச்சம்.

அச்சம் வெறுங் கற்பனையன்று. அவர்கள் சுட்டிக்காட்டிய சான்று சுவீடன் நாட்டிற் கிடைத்தது. இனக் கூட்டத்தார்மீது பகை மூட்டும் பேச்சைத் தண்டிக்கும் அந்நாட்டுச் சட்டம் 2003 முதல் தன்பால் விருப்பினரையும் தன் காப்பில் அடக்கிற்று. அவ்வாண்டு ஜூலையில், போர்க்ஹோல்ம் என்னும் ஊரில், பெந்தெகொஸ்தே சபைப் போதகர் ஓகே கிரீன் அத்தகையோரைச் சமுதாய உடலிற் படர்ந்த புற்றுநோய்க்கு ஒப்பிட்டுப் பிரசங்கித்தார். கேட்பதற்கே அருவருப்பான பேச்சுத்தான். ஆனால் அவர் எவரையும் அடிக்கவில்லை; அடி என்று சொல்லவும் இல்லை. 2004இல் கீழ்க்கோர்ட்டு அவருக்கு ஒரு மாதச் சிறை விதித்தது. 2005 பிப்ரவரியில் அப்பீல் கோர்ட்டு விடுவித்தது. நவம்பரில் உயர்நீதிபதிகளும் விடுதலையை உறுதி செய்தனர். அவர்கள் கூறிய காரணம் கருதத்தக்கது: சுவீடன் சட்டத்தின் சொற்களுக்குள் அவர் பேச்சு அகப்படவே செய்கிறது, எனினும் அவரைத் தண்டித்தால் மதச் சுதந்தரத்தையும் பேச்சுச் சுதந்தரத்தையும் காக்கும் ஐரோப்பிய உடன்படிக்கைக்கு அது மாறாகும் என்றனர்.

கிரீன் சிறை புகாதது நன்றே என்பது நம் கருத்து. இது கண்டு சில அன்பர்கள் முகஞ் சுளிக்கலாம். பிறர் மனம் புண்படப் பேசுதலே குற்றமெனின், முதலிற் சிறைக்குப் போக வேண்டியவர் யார்? பழைய வழக்கங்களையும் புரோகிதரையும் சாடி எழுதுகிற நாமன்றோ! பாதிரியார் நாவுக்குப் பூட்டிடும் சட்டம் நம் பேனாவுக்கும் பூட்டிட நெடுங்காலம் ஆகாது.

நிற்க. சுவீடன் சட்டம் பேச்சைப் பற்றியது. அமெரிக்கச் சட்டமோ அடியைப் பற்றியது. எதிர்ப்பாளர் இவ்விரண்டையும் ஒன்றாய்க் குழைத்தே மக்களுக்கு ஊட்டினர். 2009 அக்டோபர் 28ஆம் நாள் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தின்படி, உடற்காயம் விளைவித்தாலோ, துப்பாக்கி, தீ, வெடி முதலியவற்றால் அதற்கு முயன்றாலோதான் குற்றம். பத்தாண்டு வரை சிறை. உயிர் போயின் ஆயுள் வரை. அரசியலமைப்புக் காக்கும் பேச்சையோ சமய வழிபாட்டையோ இது தடுப்பதாகக் கொள்ளலாகாது என்ற விதியும் அதிலேயே எழுதப்பட்டுள்ளது. எதிர்த்தோர் கூக்குரலால் விளைந்த நன்மை இது என்று ஒப்புக்கொள்வதில் நமக்கு நட்டமில்லை.

ஆயினும் மிச்சிகன் மாநிலத்துப் போதகர் மூவரும் குடும்ப நெறிச் சங்கம் ஒன்றின் தலைவரும் 2010இல் வழக்குத் தொடுத்தனர். 2012 ஆகஸ்டில் ஆறாம் வட்ட அப்பீல் கோர்ட்டு அதனைத் தள்ளிற்று. நீங்கள் எவரையும் அடிக்கக் கருதவில்லையே. அடிப்பவரைத் தண்டிக்கும் சட்டத்தால் உமக்கு இடர் யாது என்பதே தீர்ப்பின் சாரம்.

மதத்தார் அனைவரும் எதிர்த்தனர் என்று எண்ணுதலும் பிழை. எப்பிஸ்கோப்பல் சபையாரும் சீர்திருத்த யூதர் சங்கத்தாரும் சட்டத்தை ஆதரித்து நின்றனர். ஷெப்பர்டின் பெற்றோர், கல்லறையை யாரேனும் இழிவு செய்வரோ என்றஞ்சி, மகனின் சாம்பலை இருபது ஆண்டுகள் அடக்கம் செய்யாமலே வைத்திருந்தனர். 2018 அக்டோபர் 26ஆம் நாள் வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் அதற்கு இடம் கிடைத்தது.

சட்டம் நடைமுறையிற் புகுந்த பின் எவரைப் பிடித்தது? மிசிசிப்பி மாநிலத்தில் 17 வயதுத் திருநங்கையைக் கொன்றவனுக்கு 2017இல் 49 ஆண்டுச் சிறை கிடைத்தது. 2015இல் சார்ல்ஸ்டன் நகர்க் கோவிலில் வேதம் படித்துக்கொண்டிருந்த கறுப்பர் ஒன்பதின்மரைச் சுட்டவன்மீது பாய்ந்ததும் இச்சட்டமே.

இவற்றினும் விந்தையான வழக்கு ஒஹையோ மாநிலத்தில் எழுந்தது. ஆமிஷ் என்பார் பழமை பேணும் கிறிஸ்தவ உழவர். மணமானபின் ஆடவர் தாடியை மழிப்பதில்லை; மகளிர் கூந்தலை வெட்டுவதில்லை; அவை அவர்க்கு வேதக் கட்டளை. சாமுவேல் மல்லட் என்னும் பிஷப்பின் கூட்டத்தார், தம்மோடு மாறுபட்ட ஆமிஷ் மக்களின் வீடுகளில் 2011இல் இரவிற் புகுந்து தாடியையும் கூந்தலையும் வலிந்து கத்தரித்தனர். மதத்தை ஒடுக்க வந்ததென்று போதகர் அஞ்சிய சட்டம், மதம் காரணமாகத் தாக்குண்டோர்க்கு அரணாக வந்தது! 2012 செப்டம்பரில் ஜூரிகள் பதினாறு பேரையும் குற்றவாளிகள் என்றனர்; மல்லட்டுக்குப் பதினைந்தாண்டுச் சிறை. போதகரின் வழக்கைத் தள்ளிய அதே ஆறாம் வட்டக் கோர்ட்டு 2014இல் இவ்வெறுப்புக் குற்றத் தீர்ப்பை உடைத்தது. மதம் ஒரு முக்கிய காரணமாயிருந்தாற் போதாது. அது இல்லையேல் தாக்குதலே நிகழ்ந்திராது என்று காட்ட வேண்டும். குடும்பப் பூசல்களும் இதிற் கலந்திருந்தனவே என்றது. விசாரணையை மறைத்தது முதலிய எஞ்சிய குற்றங்களுக்காக 2015இல் மல்லட்டின் தண்டனை பத்தாண்டு ஒன்பது மாதமாகக் குறைக்கப்பட்டது.