கால்பந்தாட்ட வியூகம்

கால்பந்தாட்டத்தில் ஓர் அணியின் பதினொருவரும் தத்தமக்குரிய ஸ்தானங்களில் நின்று, ஒருவர் விட்ட இடத்தை மற்றொருவர் காத்து இயங்கும் அமைப்பு வியூகம் எனப்படும். கோல்கீப்பரை விடுத்து, பின்வரிசையிலிருந்து முன்வரிசை நோக்கி எண்ணி, 2-3-5, 4-2-4 என்று அதனைக் குறிப்பது வழக்கம்.

தோற்றம்: பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் நிலைபெற்று, பட்டாளத்தார் வழியாகவும் மிஷன் பள்ளிகள் வழியாகவும் நம் நாட்டில் பரவிய பழைய முறை 2-3-5 ஆகும். இதில் பேக்குகள் இருவர், ஹாஃப்பேக்குகள் மூவர், ஃபார்வர்டுகள் ஐவர். மூவருள் நடுவே நின்ற சென்டர் ஹாஃப், தற்காப்பு, தாக்குதல் ஆகிய இரண்டுக்கும் அச்சாணியாக விளங்கினார். பனியன் எண்கள் இவ்வரிசையைப் பின்பற்றியே வழங்கப்பெற்றமையால், வியூகம் மறைந்த பின்னரும், 9 என்றால் சென்டர் ஃபார்வர்டு என்னும் வழக்கு மறையவில்லை.

1925இல் ஆஃப்சைடு விதி திருத்தப்பெற்றது. பந்தைப் பெறுபவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருத்தல் வேண்டும் என்றிருந்த நிபந்தனை, இருவர் இருந்தால் போதும் எனத் தளர்ந்ததும், கோல்கள் பெருகின. அதனைத் தடுக்கும் பொருட்டுச் சென்டர் ஹாஃப் இரு பேக்குகளுக்கிடையே பின்வாங்கி ஸ்டாப்பர் ஆனார். சென்டர் ஃபார்வர்டுக்கு இருபுறமும் நின்ற இன்சைடு ஃபார்வர்டுகள் இருவரும் நடுக்களத்துக்கு இறங்கினர். ஆர்சனல் அணியின் ஹெர்பர்ட் சாப்மன் செம்மைப்படுத்திய இம்முறையே, ஆட்டக்காரர்கள் நிற்கும் வடிவால் டபிள்யு-எம் (W-M) எனப் பெயர்பெற்றது. 1953 நவம்பர் 25 அன்று வெம்பிளி மைதானத்தில் ஹங்கேரி இதனைத் தகர்த்தது. அதன் சென்டர் ஃபார்வர்டான ஹிடெகுட்டி முன்னே நில்லாது பின்தங்கி ஆடியதால், அவரைத் தொடர்ந்து செல்வதா, தம் ஸ்தானத்திலேயே நிற்பதா என்று ஸ்டாப்பர் தடுமாற, இங்கிலாந்து 6-3 கணக்கில் தோற்றது. 1958இல் பிரேசில் 4-2-4 முறையில் உலகக் கோப்பையை வென்றது.

இந்தியாவில்: ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் (1952) யூகோஸ்லாவியாவிடம் 10-1 எனத் தோற்ற இந்திய ஆட்டக்காரர்களுக்கு வியூக அறிவைப் புகட்டியவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஆசிரியர் சையத் அப்துல் ரஹீம் ஆவார். அவர் பயிற்சியில் 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்றது. 4-2-4 முறையை இங்கே வேரூன்றச் செய்தவரும் அவரே. ஸ்தானம் என்பது ஆளுக்கு உரிமையன்று, ஆட்டத்தின் தேவை என்பதற்கு 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுகள் சிறந்த உதாரணம்: தலையில் காயம்பட்ட ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்கை ரஹீம் சென்டர் ஃபார்வர்டாக முன்னே நிறுத்த, இறுதியாட்டத்தில் அவரும் பி. கே. பானர்ஜியும் தலைக்கொரு கோல் அடித்துத் தென்கொரியாவை 2-1 என வென்றனர். அன்று கோலைக் காத்தவர் தமிழரான பீட்டர் தங்கராஜ். சென்டர் ஃபார்வர்டாக ஆடத்தொடங்கிப் பின்னர் கோல்கீப்பரானவர் அவர்.

தரையும் வியூகமும்: வியூகத்தைத் தரையும் வகுக்கிறது. மதுரையை அடுத்த திருநகர் போன்ற சமவெளி ஊர்களில், கோடையில் இறுகிய செம்மண் மைதானத்தில் பந்து தலைக்குமேல் துள்ளும். ஆதலின் குறுகிய பாஸ்கள் எளிதில் கைகூடா; துள்ளலை முன்கூட்டிக் கணித்து இரண்டடி பின்வாங்கி நிற்கத் தெரிந்த ஸ்டாப்பரும், விளிம்பில் விரைந்தோடும் விங்கருமே அங்கே பிரதானமாகின்றனர். மழைக்குப்பின் அதே தரையில் பந்து தேங்குமாகையால், நடுக்கள ஆட்டக்காரர்கள் நெருங்கி நிற்பது அவசியமாகிறது.

தற்காலம்: இன்று 4-3-3, 4-2-3-1 ஆகியன பெருவழக்கில் உள்ளன.