ஒரு பாவை, பல கதைகள்

ஒருமுறை வரைந்த உருவத்தைப் பலமுறை எடுத்தாளுவது இன்றைய கணினி அசைபடக் கலையின் அடிப்படை முறையாகும். ஆயினும் அது புதிய முறையன்று.

சோழர் கல்வெட்டுக் கூறும் கடாரம் என அறிஞர் பலர் கருதும் கெடாவில் ‘வாயாங் கெடேக்’ என்னும் நிழற்கூத்து உண்டு. மாட்டுத் தோலில் உருவத்தை வெட்டி, துளையிட்டு, வண்ணம் தீட்டிக் குச்சியில் பொருத்துவர். கை தனித்துண்டாதலின் அசையும். ஒரு கதையில் அரசனாக நின்ற பாவை, மற்றொன்றில் வேறு பெயர் பூண்டு அரசனாகவே தோன்றும்.

கேரளத்துப் பாலக்காட்டுப் பகுதியில் கம்பராமாயணத்தைப் பாடி ஆடும் தோற்பாவைக் கூத்து வழங்குகிறது. அங்கே இராமனுக்கு அமர்ந்த நிலை, நின்ற நிலை, போர்புரியும் நிலை எனத் தனித்தனிப் பாவைகள் உள. தேவையானதை எடுப்பதே ஆட்டக்காரர் வேலை.

ஜெர்மனியில் லோட்டே ரைனிகர், வெட்டிய நிழலுருவங்களைக் கொண்டே 1926-இல் முழுநீளப் படம் தந்தார். டிஸ்னி நிறுவனமோ 1937-இல் வெளிவந்த ‘ஸ்னோ ஒயிட்’ படத்தின் நடன அசைவுகளை 1973-இல் ‘ராபின் ஹூட்’ படத்தில் மீண்டும் எடுத்தாண்டது.

கணினியில் படியெடுப்பது நொடிப்பொழுதின் வேலை. தோற்பாவை கிழிந்தாலோ, அதை மீண்டும் வெட்டத் தெரிந்த கை வேண்டும். அக்கை மறையின் எஞ்சுவது காட்சிப் பொருளே. எனவே, நம் மாணவர் உருவங்களைச் சேமிக்கக் கற்பதோடு, உருவாக்கவும் கற்பாராக!