பாட்டு இருக்கும் இடம்



எங்கள் வீட்டு முன்னறையிலே ஓர் இறுவட்டுக் கருவி இருந்தது. பதினைந்து வருடங்கள் உழைத்த பின்னர் சென்ற வருடம் அது தட்டுகளை வாசிக்க மறுத்துவிட்டது. திருத்துபவர் கழற்றிப் பார்த்துவிட்டு, லேசர்க் கதிரைச் செலுத்தும் உறுப்புப் பழுதாகிவிட்டது, மாற்றுவதற்கு உதிரிப்பாகம் கிடைக்காது என்றார். அன்று மாலை மகள் தன்னுடைய பழைய கணனியைக் கொண்டுவந்து ஒலிபெருக்கியோடு ஒரு வயரினால் தொடுத்தாள். இரண்டு நிமிடத்திலே நான் கேட்க விரும்பிய கீர்த்தனை ஒலித்தது. ஒலியிலே குறை சொல்ல ஒன்றுமில்லை. "அப்பா, இனி உந்தத் தட்டுகள் எல்லாம் என்னத்துக்கு? எறிஞ்சுவிடுவமே?" என்று கேட்டாள்.

அதற்கு உடனே விடை சொல்ல என்னால் முடியவில்லை. இசை எங்கெங்கே குடியிருந்து இன்று கணனிக்கு வந்து சேர்ந்தது என்ற வரலாற்றை அறிந்த பின்னரே விடை சொல்லலாம் என்று தோன்றியது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

பாடுபவர் எதிரே இருந்தால்தான் பாட்டு என்பது 1877ஆம் ஆண்டு வரை உலகெங்கும் இருந்த நிலை. அவ்வாண்டிலே எடிசன் அமெரிக்காவில் ஒலியைப் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்தார். பத்தாண்டுகள் கழித்து எமில் பேர்லினர் தட்டையான இசைத்தட்டுக்கு வழிகோலினார். நிமிடத்துக்கு 78 தடவை சுழன்ற அத்தட்டின் ஒரு பக்கத்திலே மூன்று நான்கு நிமிட இசைதான் அடங்கும். எமது நாட்டில் 1923இல் பரீட்சார்த்தமாக வானொலி தொடங்கியபோது காற்றிலே சென்றதும் கிராமபோன் இசையே. 1948இல் நீண்டநேர இசைத்தட்டும், 1963இல் பிலிப்ஸ் நிறுவனத்தாரின் ஒலிநாடாக் கசற்றும் வந்தன. கசற்றின் சிறப்பு, கேட்பவர் தாமே பதிவு செய்யலாம் என்பதாகும். 1990களின் முற்பகுதியில் மின்சாரம் அற்றிருந்த யாழ்ப்பாணத்திலே சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியும் கசற்றும் கேட்டவர்கள் நாம். பாட்டுக் கேட்பதற்கு அன்று காலும் உழைத்தது.

இறுவட்டின் வரலாறு 1979இல் வெளிச்சத்துக்கு வந்தது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரிலே பிலிப்ஸ் நிறுவனம் அதனைச் செய்து காட்டியது. பின்னர் ஜப்பானின் சொனி நிறுவனமும் சேர்ந்துகொள்ள, 1980இல் இரு சாராரும் ஒரே அளவுப் பிரமாணத்தை வகுத்தனர். தட்டின் குறுக்களவு 12 சென்ரிமீற்றர். அடங்கும் இசை 74 நிமிடம். பீதோவனின் ஒன்பதாம் சிம்பனி முழுவதும் ஒரே தட்டில் அடங்கவேண்டும் என்பதற்காகவே இவ்வளவு தெரிவு செய்யப்பட்டது என்றொரு கதை உண்டு. ஆயினும் அப்பணியிலே ஈடுபட்ட பொறியியலாளர் கீஸ் இமிங்க் அக்கதையை அவ்வாறே ஏற்றுக்கொள்ளவில்லை. 1982 ஒக்ரோபர் முதலாந் திகதி முதலாவது இறுவட்டுக் கருவி ஜப்பானிலே விற்பனைக்கு வந்தது.

இங்கே நாம் மனங்கொள்ள வேண்டியது வேறொன்று. இசைத்தட்டிலே ஒலி ஒரு கீறலாக இருந்தது. கசற்றிலே காந்தத் தடமாக இருந்தது. இறுவட்டிலே அது எண்ணாக மாறியது. ஒரு செக்கனுக்கு 44,100 தடவை ஒலி அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்பட்டது. கசற்றைப் பிரதி செய்யும்போது பிரதிக்குப் பிரதி இரைச்சல் கூடும். எண்ணைப் பிரதி செய்தால் மூலமும் பிரதியும் ஒன்றே. ஆகவே பாட்டு அத்தட்டிலேதான் இருக்கவேண்டும் என்ற நியதி நீங்கிவிட்டது. இறுவட்டின் முடிவுக்கான வித்து அதன் பிறப்பிலேயே இருந்தது எனலாம்.

1990களிலே வீட்டுக் கணனிகளில் இறுவட்டு வாசிக்கும் உறுப்பு இடம்பெறத் தொடங்கியது. ஆனால் ஒரு தட்டின் இசையை உள்ளவாறே கொள்ளுவதற்கு அக்கால வன்தட்டுகளிலே இடம் போதவில்லை. இதற்குத் தீர்வு தந்தவர்களுள் முதன்மையானவர் ஜேர்மனியின் எர்லாங்கன் நகரிலே ஆய்வு செய்த கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பேர்க். உரத்த ஒலி எழும்போது அதனை அடுத்த மெல்லொலியைச் செவி உணர்வதில்லை. உணராத அதனை நீக்கிவிட்டால் அளவு ஏறத்தாழப் பத்திலொன்றாகச் சுருங்கும். இவ்வழியிலே பிறந்த எம்.பி.3 முறைக்கு அப்பெயர் 1995இல் சூட்டப்பட்டது. பக்கவாத்தியம் எதுவுமின்றிச் சுசான் வேகா என்ற பெண்மணி பாடிய ஒரு பாடலே அம்முறையின் சோதனைக்கு உரைகல்லாக இருந்தது.

அதன்பின் மாற்றங்கள் விரைந்தன. 1999இல் தோன்றிய நப்ஸ்டர், அந்நியர்கள் தம்முள் பாடல்களைப் பரிமாற வழிசெய்து, வழக்குகளால் 2001இல் முடங்கியது. அதே 2001இல் ஒலியை எள்ளளவும் இழக்காமல் சுருக்கும் 'பிளாக்' என்ற முறை வெளிவந்தது. கணனியிலுள்ள இசையை வீட்டு வலையமைப்பின் வழியே முன்னறை ஒலிபெருக்கிக்குக் கொண்டுவரும் சிறு கருவியை ஸ்லிம் டிவைசஸ் என்ற அமெரிக்க நிறுவனம் விற்கத் தொடங்கியதும் அவ்வாண்டிலேதான். 2003இல் அப்பிள் நிறுவனம் பாட்டொன்று 99 சதமாக இணையத்திலே விற்றது. இதுவரை பாட்டு வீட்டிலேயே இருந்தது. தட்டிலிருந்து வன்தட்டுக்கு மாறியது, அவ்வளவே.

2008இல் சுவீடனிலிருந்து ஸ்பொட்டிபை வந்தபோதுதான் பாட்டு வீட்டை விட்டு வெளியேறியது. ஆற்றுநீர் போல இசை துளித்துளியாக வருகிறது, ஒலிக்கிறது, போய்விடுகிறது. மாதச் சந்தா கொடுக்கலாம். கொடாதவர் விளம்பரங்களுக்கிடையே கேட்கலாம். இலங்கையில் அச்சேவை 2021இல் தொடங்கியது. ஒரு தட்டின் விலைக்குக் குறைவான மாதக் கட்டணத்திலே கோடிக்கணக்கான பாடல்களைக் கேட்கும் வாய்ப்பை நமது பாட்டன்மார் கனவிலும் கண்டிருக்கமாட்டார்கள். ஊரிலே இசைத்தட்டு வைத்திருந்த வீட்டு வாசலில் நின்று கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எதனையும் கேட்கலாம். இதனை இழிவாகப் பேசுவது நன்றிகெட்ட செயலாகும்.

ஆயினும் கேட்கும் வசதி வேறு. வைத்திருக்கும் உரிமை வேறு. 2019இல் ஸ்பொட்டிபை இந்தியாவுக்கு வந்த சில வாரங்களிலேயே, பழைய எச்.எம்.வி. பதிவுகளின் உரிமையாளரான சரிகம நிறுவனம் டெல்லி மேல் நீதிமன்றத்தை நாடியது. அந்நிறுவனத்தின் பாடல்கள் அனைத்தும் அச்சேவையிலிருந்து நீக்கப்பட்டன. 2020இல் உடன்படிக்கை ஏற்பட்ட பின்னரே திரும்பின. நேற்றுக் கேட்ட பழைய பாட்டு இன்று இல்லாமற் போவதற்கு இரு நிறுவனங்களின் பிணக்கே போதுமாயிற்று.

மற்றொரு நிகழ்வு இதனினும் பெரியது. கலைஞர்கள் தாமே பாடல்களை ஏற்றிவைத்த மைஸ்பேஸ் என்னும் இணையத்தளம், சேமிப்பை இடம் மாற்றியபோது பழைய பதிவுகளை இழந்துவிட்டதாக 2019இல் ஒப்புக்கொண்டது. இழந்தவை 5 கோடிப் பாடல்கள் என்று செய்திகள் கூறின. முன்னரே ஆய்வாளர் சிலர் தமக்கெனப் பிரதி செய்து வைத்திருந்த ஏறத்தாழ 4,90,000 பாடல்கள் மாத்திரமே பின்னர் பொதுப்பார்வைக்கு வந்தன. பிரதி செய்தவன் காத்தான், நம்பியிருந்தவன் இழந்தான்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய பாடமன்று. செல்லரித்த ஏடுகளைத் தேடிப் பிரதிகளை ஒப்புநோக்கி 1887இல் கலித்தொகையை அச்சிட்ட சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை செய்த பணியும் இதுவே. ஏட்டிலிருந்து அச்சுக்கு மாறிய காலத்திலே மாற்றி எழுதப்படாதவை மறைந்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாதவையே மீளாதவையாயின. ஊடகம் மாறுகின்ற ஒவ்வொரு வேளையும் ஒரு கணக்கெடுப்பு வேளை. எதை மாற்றுகிறோம், எதை விடுகிறோம் என்பதை யாரோ தீர்மானிக்கிறார்கள்.

மகளுக்கு நான் சொன்ன விடை இதுதான். கணனியிலே கேட்போம். ஆனால் தட்டுகளை எறிய வேண்டாம். அவளுடைய பழைய கணனியிலே இறுவட்டு வாசிக்கும் உறுப்பு இருந்தது. ஞாயிறுதோறும் பத்துப் பத்தாக, ஒலி குறையாத முறையிலே வன்தட்டில் பதிந்து, வேறொரு வன்தட்டிலும் பிரதி வைத்தோம். உறையிலே அச்சிட்டிருந்த வயலின், மிருதங்க வித்துவான்களின் பெயர்களையும் இராகம், தாளம் ஆகியவற்றையும் அவளே தட்டச்சு செய்தாள். இணையத்திலே பல வேளைகளில் பாடகரின் பெயரோடு கதை முடிந்துவிடுகின்றது.

தட்டுகள் முடிந்தபின் ஒரு கசற் மிஞ்சியது. ஊர்க் கோயிலிலே என் தந்தையார் பயன் சொன்ன கந்தபுராண படனம் அதிலே பதிவாகியிருந்தது. 1995 இடப்பெயர்விலே பாடப்புத்தகங்களுக்கிடையே வந்து சேர்ந்தது அது. இரவல் வாங்கிய கசற் கருவியிலிருந்து கணனிக்கு வயர் தொடுத்து ஓடவிட்டோம். நாடா நைந்திருந்தது, இரண்டு இடங்களிலே குரல் தேய்ந்து போயிற்று. எந்த நிறுவனத்தின் சேமிப்பிலும் அக்குரல் இல்லை. சந்தா கட்டினாலும் கிடைக்காது. தன் அப்பப்பாவின் குரலை என் மகள் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டாள். "இதையும் ரெண்டு பிரதி எடுப்பம் அப்பா" என்றாள்.

நேயர்களே, உங்கள் வீட்டு அலுமாரியிலும் அப்படியொரு கசற் இருக்கக்கூடும். நாடா நைந்து போகுமுன் ஒருமுறை தேடிப் பாருங்கள்.